ஊட்டி பூங்காவுக்கு டிக்கெட் வசூல வச்சு மதிப்பு போடலாமா?

ப்ரோ, ஊட்டி தாவரவியல் பூங்காவால மக்களுக்குக் கிடைக்கிற பலனோட மதிப்புக்கு டிக்கெட் வசூல எடுத்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க, சென்னைல இருந்து வர்றவங்க தொட்டபெட்டா, போட் ஹவுஸ்னு சுத்துறாங்களே, அந்தச் செலவ எப்படி பிரிக்கிறதுன்னும் கேட்டிருக்கீங்க.

டிக்கெட் வசூல் வேணவே வேணாம். அதுக்கு மேலயும் குடுக்கத் தயாரா இருந்தவங்களோட பலன் அதுல வரவே வராது. பயணச் செலவு முறைய எடுங்க, அதாவது வந்து போற செலவையே விலையா வச்சுக் கணக்கு போடுறது, 1947லயே பொருளாதார நிபுணர் ஹரோல்ட் ஹோட்டலிங் அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்காக சொன்ன ஐடியாதான். கேட்ல நின்னு எந்த ஊரு, தலைக்கு எவ்வளவு செலவுன்னு கேட்டு (வேன் வாடகைய ஆளுக்கு வகுத்துருங்க), ஊர்வாரியா ஆயிரம் பேருக்கு எத்தன வருகைன்னு செலவுக்கு எதிரா போட்டா செலவு ஏற ஏற வருகை எப்படி குறையுதுன்னு காட்டுற டிமாண்ட் கோடு கிடைச்சிரும், அந்தக் கோட்டுக்குக் கீழ, ஆகுற செலவுக்கு மேல இருக்குற பரப்புதான் உங்களுக்கு வேண்டிய மதிப்பு.

இப்ப உங்க பெரிய சிக்கல். மொத்த ட்ரிப் செலவையும் பூங்கா தலைல கட்டுனா மதிப்பு கன்னாபின்னான்னு ஏறிரும். "பூங்கா மூடியிருந்தாலும் ஊட்டிக்கு வந்திருப்பீங்களா?"ன்னு கண்டிப்பா கேளுங்க. ஆமான்னா ஊட்டிக்குள்ள பூங்காவுக்குன்னு ஆன ஆட்டோ, டிக்கெட், நேரம் மட்டும் போதும். கொஞ்சம் யோசிச்சு தயங்குறவங்ககிட்ட, ட்ரிப்புக்கு நூறு மார்க்னா பூங்காவுக்கு எவ்வளவுன்னு கேட்டு அந்தப் பங்க எடுங்க.

மே மலர்க் கண்காட்சி சமயத்துல மட்டும் சர்வே பண்ணிடாதீங்க ப்ளீஸ், கூட்டமே வேற மாதிரி இருக்கும். அடிக்கடி வர்ற உள்ளூர்க்காரங்க கேட்ல அதிகமா சிக்குவாங்க, அதனால வருஷத்துக்கு எத்தன தடவ வர்றாங்கன்னும் கேட்டு, அடிக்கடி வர்றவங்களோட பதிலுக்கு கணக்குல வெயிட்ட அதுக்கேத்த மாதிரி குறைச்சுக்கோங்க.