5 கி.மீ. ஓட்டத்தில் 25 நிமிடத்துக்குக் கீழே இறங்க முடியவில்லை. இன்டர்வல் பயிற்சி செய்தால் நேரம் குறையுமா? அடிக்கடி பந்தயம் ஓடலாமா?

கண்டிப்பாகக் குறையும். வாரம் நான்கு நாள் ஓடுகிறேன், எல்லா நாளும் கிட்டத்தட்ட ஒரே வேகம், ஆறு மாதமாக 25 நிமிடத்திலேயே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஓடுபவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஒழுங்காகச் செய்த இன்டர்வல் (வேகமான சிறு ஓட்டங்களும் நடுவே ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சி) போதும், ஒன்றிரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

‘ஒழுங்காக’ என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்டர்வல் என்றாலே உயிரைக் கொடுத்து ஓடுவது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் சுற்றில் பாய்ந்து போவார்கள், நான்காவது சுற்றில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு உடம்பு களைத்ததுதான் மிச்சம். கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முடித்தபின் ‘இன்னும் ஒன்று ஓடலாம்’ என்று தோன்றினால் சரியான வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள்.

அந்த வேகத்தை எங்கிருந்து எடுப்பது? இன்றைக்கு நீங்கள் ஓடும் பந்தய நேரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், ஆசைப்படும் நேரத்திலிருந்து எடுக்கக் கூடாது. 25 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம், 400 மீட்டர் டிராக்கில் சுற்றுக்கு 2 நிமிடம். 24 நிமிடத்துக்கு வர வேண்டுமானால் சுற்றுக்கு சுமார் 1:55. ஐந்து விநாடிதானே என்று முதல் வாரமே அதைப் பிடிக்கப் போகாதீர்கள். முதல் சில வாரங்கள் 400 மீட்டரை எட்டு முறை, ஒவ்வொன்றும் 1:56 முதல் 1:58க்குள், நடுவே 200 மீட்டர் மெதுவான ஜாகிங். அது பழகியதும் 800 மீட்டர் ஐந்து முறை, ஒவ்வொன்றும் 4 நிமிடத்தில். அப்புறம் 1000 மீட்டர் ஐந்து முறை, 5 நிமிடத்தில், இடையே இரண்டரை நிமிடம் ஜாகிங். டிராக்கில் ஓடினால் உள்வட்டத்தில் ஓடுங்கள். எட்டாவது லேனில் ஒரு சுற்று 450 மீட்டரைத் தாண்டிவிடும், கணக்கே மாறிப்போகும்.

நடுவில் விடும் ஓய்வையும் சும்மா நினைக்காதீர்கள். வேகமாக ஓட ஆரம்பித்ததும் உடல் ஆக்சிஜனை உச்ச அளவுக்கு எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஓய்வு அளவாக இருந்தால் அடுத்த சுற்றில் அந்த நிலைக்குச் சீக்கிரமே போய்விடலாம். ரொம்ப நேரம் நின்றுவிட்டால் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஏற வேண்டியிருக்கும். ஓய்வைக் குறைத்துக்கொண்டே போனாலோ வேகம் சரிந்துவிடும். 1930களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லர், நாடித்துடிப்பு 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம் என்று ஒரு விதி வைத்திருந்தார். அவரிடம் பயின்ற ருடோல்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1:46.6இல் ஓடினார். அந்த உலக சாதனை 1955 வரை நின்றது.

1000 மீட்டர் ஐந்து முறை ஓடும் நாளில் நான்காவது ஓட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். அதில் டிராக்கின் முதல் சுற்று பிரச்சினை இல்லாமல் போகும். இரண்டாவது சுற்றின் வளைவில் தோள்கள் மெல்லக் காதை நோக்கி ஏறும், முஷ்டி இறுகும், இரண்டடிக்கு ஒரு மூச்சாகிவிடும். அந்த இடத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டாம். தோளை இறக்குங்கள், விரல்களைத் தளர விடுங்கள், காலடியைக் கொஞ்சம் சின்னதாக்கி அதே வேகத்தைப் பிடித்து வையுங்கள். பந்தயத்தில் மூன்றாவது கிலோமீட்டர் தாண்டியதும் இதே நிலைமை வரும். அதற்கான ஒத்திகை இதுதான் என்பதால் இந்த நான்காவது ஓட்டத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியமே உண்டு.

மற்ற நாட்களில் நிஜமாகவே மெதுவாக ஓடுங்கள். உங்கள் அளவுக்கு கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் சரியாக இருக்கும், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் ஓடுவதுதான் உங்களை 25இல் நிறுத்தி வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். மெதுவான நாள் போதிய அளவு மெதுவாக இல்லை, அதனால் வேகமான நாளும் போதிய அளவு வேகமாக இல்லை.

மெதுவான நாள் போலவே ஓய்வும் முக்கியம். ஓய்வு என்றதும் பிரிட்டன் ஓட்டக்காரர் ரோஜர் பேனிஸ்டர் நினைவுக்கு வருகிறார். 1954இல் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடத் தயாரானபோது அவருடைய முக்கியப் பயிற்சி, 440 கெஜத்தை (கால் மைல்) பத்து முறை ஓடுவது, நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. ஒவ்வொன்றின் நேரமும் 61 விநாடியில் வந்து நின்றுவிட்டது, எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை. பயிற்சியை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போனார். திரும்பி வந்தபின் 59 விநாடியில் ஓட முடிந்தது. மே 6 அன்று மைலை 3:59.4இல் முடித்தார். ஆகவே மூன்று வாரம் கடினமாகப் போனால் நான்காவது வாரம் தூரத்தையும் வேகத்தையும் குறையுங்கள். கெண்டைக்காலிலோ குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரிலோ காலையில் எழுந்ததும் பிடிப்பு இருந்தால் அந்த வார இன்டர்வலே வேண்டாம்.

பந்தயத்துக்கு வருகிறேன். அடிக்கடி ஓடலாம், ஆனால் வாராவாரம் வேண்டாம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று நல்ல இடைவெளி. தனியாக ஓடும்போது வராத வேகம் பக்கத்தில் ஆள் இருக்கும்போது வரும், அதனால் பந்தயமே ஒரு கடினமான பயிற்சி நாள்தான். அந்த வாரம் இன்டர்வலைப் பாதியாக்கிவிடுங்கள். பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடி, 80 மீட்டர் அளவில் நாலைந்து விரைவோட்டங்கள் போட்டு உடம்பைச் சூடாக்கிய பிறகு தொடக்கக் கோட்டுக்குப் போங்கள். துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் இழுக்கும். முதல் கிலோமீட்டரை 4:30இல் முடித்தவர்கள் நான்காவதில் ஒவ்வொருவராகப் பின்தங்கி உங்களிடம் அகப்படுவார்கள். நீங்கள் முதல் கிலோமீட்டரை 4:55இல் முடியுங்கள், இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதிலும் நான்காவதிலும் முன்னால் ஓடுபவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு அவரை நெருங்குவதை மட்டும் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் கடைசிக் கிலோமீட்டரில் செலவழியுங்கள்.

5 கி.மீ. என்பது டிராக்கில் பன்னிரண்டரைச் சுற்று, அதனால் முடிந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு 12.5ஆல் வகுத்தால் அடுத்த மாதத்துக்கான சுற்று வேகம் கிடைத்துவிடும். 24:20 வந்ததென்றால் சுற்றுக்கு 1:57. அதற்கப்புறம் 1000 மீட்டர் ஓட்டங்களை 5 நிமிடத்துக்குப் பதில் 4:52இல் ஓடுங்கள்.