வீட்டு வீடியோக்களை எடிட் செய்ய 1 டிபி ஹார்ட் டிஸ்க் போதுமா, 2 டிபி வாங்க வேண்டுமா?

"குடும்ப வீடியோக்கள் மட்டும்தான் எடிட் செய்யப் போகிறேன், 1 டிபி போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் "தாராளமாகப் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 2012-ல் என்னிடமும் ஒருவர் இப்படித்தான் சொன்னார், அதுவும் 500 ஜிபிக்கு. அந்தத் "தாராளத்தில்" நான் இழந்தது ஒன்று உண்டு. அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தொழில்முறை எடிட்டர் இல்லை. படக்குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம், சிரித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவர் வீட்டு ஆள், பதில் சொல்பவளும் வீட்டு ஆள்.

உங்களிடம் ஒரு லேப்டாப் இருக்கும். பாதி போனில் எடுத்தது, பாதி ஏதோ ஒரு கேமராவில் எடுத்தது என்று வீடியோக்கள் கலந்து கிடக்கும். பெரும்பாலும் வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கும், அப்போதுதான் இந்தக் கேள்வியே வரும். தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். பெரியம்மா எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த நாட்களில் ஒரு ஹெச்டி கேம்கார்டரை மேஜைமேல் வைத்து ஓடவிட்டுவிடுவேன். அம்மாவும் பெரியம்மாவும் அது ஓடுவதையே மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். மொத்தம் நான்கு மணி நேரம் இருந்தது. அந்தக் கேமரா நொடிக்கு 24 மெகாபிட் எழுதும். அந்தப் பதிவு முறையை ஏவிசிஎச்டி என்பார்கள். கணக்குப் போட்டால் மொத்தமே 43 ஜிபிதான். கார்டிலிருந்து டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன், கார்டை ஃபார்மேட் செய்தேன், அடுத்த வேலைக்குக் கேமராவைத் தயார் செய்துவிட்டேன். எல்லாரும் செய்வதுதானே.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மினி டிவி டேப் (கேம்கார்டரில் போடும் சின்ன வீடியோ கேசட்) இருந்த காலத்தில் ஒரு மணி நேர டேப் டிஸ்க்கில் ஏறினால் 13 ஜிபி பிடிக்கும், ஏற்றுவதற்கும் முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். சலிப்பான வேலை. ஆனால் ஏற்றி முடித்த பிறகும் டேப் அலமாரியில் அப்படியே இருக்கும். டிஸ்க்கில் என்ன கூத்தடித்தாலும் மூலம் பத்திரம். கார்டு வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. கார்டை அழித்த நொடியில் டிஸ்க்கில் இருப்பதுதான் மூலம். அது எனக்கு உறைக்கவே இல்லை. டிஸ்க்கை நான் பணிமேஜையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணி நேரத்திலிருந்து 18 நிமிடப் படம் ஒன்று செய்தேன். பெரியம்மா நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசிய நல்ல பகுதிகள், நடுவில் பழைய புகைப்படங்கள், பின்னணியில் மெல்லிய இசை. எக்ஸ்போர்ட் செய்த கோப்பு 1.3 ஜிபி. எல்லாரும் பார்த்துப் பாராட்டினார்கள். சில வாரம் கழித்து வேறொரு வேலை, ராத்திரி பதினொன்றரைக்கு ரெண்டர் (எடிட் செய்ததை ஒரே வீடியோவாக எழுதும் வேலை) பாதியில் நின்றது. டிஸ்க்கில் இடம் இல்லை. காலையில் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். எந்தக் கோப்புறை பெரிது என்று பார்த்தேன், பெரியம்மா கோப்புறை கண்ணில் பட்டது. "படம்தான் முடிந்துவிட்டதே" என்று ஷிஃப்டோடு டெலீட், குப்பைத்தொட்டியில்கூட மிஞ்சாது.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அதே டிஸ்க்கில் எடிட்டிங் மென்பொருள் தானாகச் சேர்த்து வைத்த கேஷ் கோப்புகள் 110 ஜிபி இருந்தன. (பணம் இல்லை, தற்காலிகக் கோப்புகள். பணமாக இருந்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும்.) மறைந்திருந்த கோப்புறை என்பதால் எனக்குத் தெரியவில்லை. அந்த 110 ஜிபியை எத்தனை முறை அழித்தாலும் மென்பொருள் திரும்பச் செய்துகொள்ளும். எந்தக் காலத்திலும் திரும்பச் செய்ய முடியாத 43 ஜிபியை அழித்துவிட்டு இதைக் காப்பாற்றியிருக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து, பெரியம்மாவுக்கு ஆட்களை அடையாளம் தெரியாமல் போக ஆரம்பித்த பிறகு, அம்மா ஒருநாள் கேட்டாள்: "அந்த மூக்குக் கண்ணாடி சண்டை போட்டோமே, அதைப் போடேன்டி." தாத்தாவின் மூக்குக் கண்ணாடியை யார் உடைத்தது என்று அக்காவும் தங்கையும் அரை மணி நேரம் அடித்துக்கொண்ட பகுதி. கேமரா கோணம் சரியில்லை, பெரியம்மாவின் பாதி முகம்தான் தெரியும் என்று 18 நிமிடத்தில் நான் அதைச் சேர்க்கவில்லை. மீட்பு மென்பொருள்கள் இரண்டு போட்டுப் பார்த்தேன். கோப்புப் பெயர்கள் சில வந்தன, ஒன்றும் திறக்கவில்லை. அழித்த இடத்தின்மேல் மூன்று வருடம் எழுதியிருக்கிறேன், எப்படித் திறக்கும். அம்மாவிடம் "அப்ப கேமரா ஓடலம்மா" என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள்.

"அழித்தது நீ, டிஸ்க் என்ன செய்யும்?" என்று யாராவது கேட்பீர்கள். சரிதான். ஆனால் இடம் இருந்திருந்தால் அந்த ராத்திரியில் எதையும் அழிக்கத் தோன்றியிருக்காது. ராத்திரி பதினொன்றரைக்கு நிதானமாக யோசிக்கிறவர்களாக இருந்தால் சின்ன டிஸ்க்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கணக்கு. உங்கள் வீடியோ கோப்பு ஒன்றின் விவரங்களைத் திறந்தால் பிட்ரேட் தெரியும். நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று பார்த்து அதை 0.45-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் ஒரு மணி நேரத்துக்கான ஜிபி. 50 மெகாபிட் என்றால் 22.5 ஜிபி. 4கே எடுக்கும் பல கேமராக்கள் 100 மெகாபிட் எழுதும், அது 45 ஜிபி. போனில் எச்.265 என்ற, வீடியோவை அதிகம் சுருக்கும் முறையில் எடுத்தால் இதைவிட நன்றாகவே குறையும். வருடத்துக்குப் பத்து மணி நேரம் 100 மெகாபிட்டில் எடுத்தால் 450 ஜிபி. பத்து மணி நேரமா என்று மலைக்காதீர்கள், மாதத்துக்கு ஐம்பது நிமிடம்தான். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதோடு 1 டிபி என்று எழுதியிருப்பது விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் தெரியும். ஏமாற்று இல்லை, தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. அதிலும் கழுத்து வரை நிரப்பக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் டிஸ்க் மூச்சு விடும்.

எடுத்த வீடியோ ஒரு பக்கம் என்றால் எடிட்டிங்கே தின்னும் இடம் இன்னொரு பக்கம். டைம்லைன் (துண்டுகளை அடுக்கி ஓட்டிப் பார்க்கும் பட்டை) திக்கித் திக்கி ஓடுகிறது என்பதற்காக வேகமான டிஸ்க் வாங்கும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான், சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். பெரும்பாலும் திக்குவது எச்.265-ஐ விரித்துக் காட்டத் திணறும் லேப்டாப். அதற்கு மருந்து பிராக்ஸி, அதாவது எடிட் செய்வதற்கு மட்டும் இலேசான நகல். புரோரெஸ் என்ற எடிட்டிங் வடிவத்தின் பிராக்ஸி வகை முழு ஹெச்டியில் மணிக்கு ஏறக்குறைய 20 ஜிபி பிடிக்கும். தெரியாமல் பிராக்ஸிக்குப் பதில் சாதாரண புரோரெஸ் 422-ஐ 4கேயில் தேர்ந்தெடுத்துவிட்டால் மணிக்கு 265 ஜிபி போய்விடும். ஒரு தடவை அதையும் செய்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இடையில் ஒரு புலம்பல், கேள்விக்குச் சம்பந்தமில்லை, வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். எடிட்டிங் தெரியும் என்று சொந்தக்காரர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். "சும்மா ஒரு பாட்டு போட்டு ஒட்டிக் குடும்மா, அஞ்சு நிமிஷ வேலைதானே" என்பார்கள். எதிலிருந்து ஒட்டுவது என்று கேட்டால் சாட் செயலியில் நாலு கை மாறி, மாறிய ஒவ்வொரு முறையும் சுருங்கி, முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும் கோப்பை அனுப்பிவிட்டு, "கிளியரா வரலையே, உன் கம்ப்யூட்டர் சரியில்லையோ" என்பார்கள். மூலக்கோப்பு எங்கே என்றால் போனில் இடம் இல்லை என்று அழித்திருப்பார்கள். அவர்களைத் திட்ட வாயெடுக்கும்போது மூக்குக் கண்ணாடி ஞாபகம் வந்துவிடும், பேசாமல் இருந்துவிடுவேன். அன்று பதினொன்றரைக்கு ரெண்டர் ஆகிக்கொண்டிருந்ததும் அப்படி ஒரு அஞ்சு நிமிஷ வேலைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எதை வாங்குவது?

ஒரே பெரிய டிஸ்க் வாங்காதீர்கள். எடிட் செய்ய 1 டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் வேகமான டிஸ்க்) ஒன்று. நடக்கிற வேலை, கேஷ், பிராக்ஸி எல்லாம் இதில் மட்டும். சேமித்து வைக்க 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. இரண்டிலும் ஒரே விஷயம், கார்டிலிருந்து வந்த மூலக்கோப்புகள். வருடத்துக்கு 450 ஜிபி என்றால் ஐந்து வருடத்துக்கு 2.25 டிபி. முடித்த படங்களும் புகைப்படங்களும் சேர்ந்தாலும் 4 டிபி தாங்கும். ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பச் சொல்லமாட்டேன், அதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும். என்னுடையது தங்கை வீட்டில் இருக்கிறது. ஒரே பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு அலைந்தால் அது ஒரு டிஸ்க்குக்குச் சமம். இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றிவிட்டு, நாலு கோப்பைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் சரி.

ரெய்ட் போடலாமே என்று ஒருவர் வருவார். இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து இரண்டிலும் ஒரே விஷயத்தை எழுதும் ரெய்டில் ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும், உண்மை. நான் செய்தது போல ஷிஃப்ட் டெலீட் அடித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் போகும். கிளவுடில் போடு என்று இன்னொருவர் வருவார். நல்லதுதான், முடிந்தவர்கள் செய்யுங்கள். ஆனால் அப்லோட் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் 450 ஜிபி ஏற 50 மணி நேரம் ஆகும், இடைவிடாமல். நான் முடித்த படங்களை மட்டும் அங்கே வைக்கிறேன்.

மூலக்கோப்புகளையும் எஸ்எஸ்டியிலேயே வைத்துப் பூட்டலாமா என்று கேட்பீர்கள். மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டுவைக்க எஸ்எஸ்டி ஏற்றதில்லை, அதற்கு ஹார்ட் டிஸ்க்கே மேல். ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கி எழுதுவது) என்று மட்டும் பாருங்கள். அந்த வகையில் பெரிய அளவில் தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும். சேமிப்புக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, எடிட்டிங்குக்கு வேண்டாம். பழைய யுஎஸ்பி 2.0 கேபிள் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடுங்கள். நொடிக்கு 35 மெகாபைட் வேகத்தில் 1 டிபி நகல் எடுக்க எட்டு மணி நேரம் ஆகும், பாதியில் பொறுமை போய் நிறுத்திவிடுவீர்கள்.

"இவ்வளவு செலவு பண்ண முடியாது, ஒன்றுதான் வாங்க முடியும்" என்றால் 2 டிபி ஒன்றுக்குப் பதில் 1 டிபி இரண்டாக வாங்குங்கள். 4கே வேண்டாம், முழு ஹெச்டியில் எடுங்கள். நான் அழித்ததும் ஹெச்டிதான், இன்று கிடைத்தால் போதும் என்றிருக்கிறது. ஏற்கெனவே 1 டிபி வாங்கிவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அதையே எடிட்டிங் டிஸ்க்காக வைத்துக்கொண்டு சேமிப்புக்கு வேறு வாங்குங்கள்.

எதுவும் வாங்குவதற்கு முன்னால், உங்கள் எடிட்டிங் மென்பொருளின் அமைப்புகளில் கேஷ் கோப்புறை எங்கே இருக்கிறது என்று பார்த்து அதை அழித்துவிட்டு, எத்தனை ஜிபி திரும்பக் கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். 110-ஐத் தாண்டியவர்கள் இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.