காசினியை ஏன் சனிக்குள் விழவைத்தார்கள்?

அன்புள்ள ஐயா,

காசினி விண்கலம் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். ஒரு சந்தேகம். 13 ஆண்டுகள் சனியைச் சுற்றிய கலத்தை எதற்காக வேண்டுமென்றே அந்தக் கோளுக்குள் விழவைத்தார்கள்? சனியின் என்செலடஸ் நிலவில் இறக்கியிருந்தால் அங்கே உயிர் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாமே?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

காசினி தரையிறங்கச் செய்த கலம் அல்ல, மோதி நொறுங்கியிருக்கும். ஆனால் பெரிய காரணம் வேறு. அந்த நிலவின் பனிக்கு அடியில் கடல் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்ததே காசினிதான்.

என்செலடஸின் குறுக்களவு சுமார் 500 கி.மீ. மட்டுமே. 1981-ல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களில் சில இடங்கள் மெழுகிவிட்ட தரை மாதிரி, பள்ளமே இல்லாமல் இருந்தன. ஏன் என்று அப்போது புரியவில்லை. 2005 தொடக்கத்தில் காசினி அதைக் கடந்தபோது காந்தமானி ஒரு விசித்திரத்தைப் பிடித்தது. ஆற்றுநீர் பாறையைச் சுற்றி விலகுவதுபோல சனியின் காந்தப்புலம் நிலவருகே வளைந்திருந்தது. கருவிக் குழுவின் தலைவர் மிஷெல் டாகர்ட்டி, இன்னும் கிட்டே போக வேண்டும் என்று விடாமல் வாதாடினார். ஜூலை 14 அன்று 1,000 கி.மீ. தள்ளிப் போகவேண்டிய கலம் 173 கி.மீ. நெருக்கத்தில் பறந்தது. அந்த ஒரு பிடிவாதம் இல்லையென்றால் இந்தக் கதை எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்குமோ!

தென் துருவத்தில் நான்கு நீண்ட வெடிப்புகள், அங்கே மட்டும் வெப்பம். நவம்பரில் சூரியன் பின்னால் இருக்கும்படி படம் எடுத்தார்கள். ஓட்டு இடுக்கில் விழும் வெயிலில் தூசி தெரியுமே, அப்படித் தெரிந்தன அந்த வெடிப்புகளிலிருந்து பீச்சியடிக்கும் பனித்துகள்கள். 2015-ல் காசினி 49 கி.மீ. உயரத்தில் அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து வந்தது. அதில் ஹைட்ரஜன் கிடைத்தது. அடியில் சூடான நீரும் பாறையும் வினைபுரிகின்றன என்பதற்கு அது நல்ல தடயம். நம் ஆழ்கடல் வெந்நீர்த் துளைகளில் சில நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனை வைத்தே பிழைக்கின்றன.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. தீர்ந்துவிட்டால் கலத்தைத் திருப்ப முடியாது. என்றாவது ஒருநாள் அது என்செலடஸில் போய் மோதலாம். பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர்கள் அதில் சாகாமல் இருக்கலாம். மின்சாரத்துக்காக வைத்த சுமார் 33 கிலோ புளூட்டோனியம் வேறு ஓயாமல் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. அது பனியை உருக்கி உள்ளே இறங்கினால்? அப்புறம் அங்கே எந்த உயிரைக் கண்டாலும், அந்தக் கடலில் பிறந்ததா, நாம் கொண்டுபோய்ப் போட்டதா என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 2017 செப்டம்பர் 15 அன்று சனியின் காற்றுக்குள் விட்டார்கள். விழும்போதும் ஆன்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்பியபடி, முடிந்தவரை தகவல் அனுப்பிக்கொண்டே போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

நீங்கள் கேட்ட தரையிறக்கம் நடக்கலாம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அமைத்த நிபுணர் குழு 2024-ல், அடுத்த பெரிய விண்பயணத்துக்கு என்செலடஸைத்தான் முதல் தேர்வாகச் சொன்னது. இறங்கும் கலமும் அந்தத் திட்டத்தில் உண்டு.