விஜிஎம் 2,250 கிலோ இடிக்கிறது: சேலம் ஜவ்வரிசி கன்டெய்னர்

சேலத்தில் 18,400 கிலோ என்று கொடுத்த விஜிஎம் (சரக்கும் பெட்டியும் சேர்ந்த, சரிபார்த்த மொத்த எடை) தூத்துக்குடி எடைமேடையில் 20,650 ஆனது சரக்கால் அல்ல. காலிப் பெட்டியின் எடை விட்டுப்போயிருக்கிறது. 20 அடிப் பெட்டி ஏறக்குறைய அந்த 2,250 கிலோ இருக்கும்.

காலிப் பெட்டியோடு லாரியை எடை போட்டு, லோடு ஏற்றியபின் மறுபடி போட்டுக் கழித்திருப்பீர்கள். அதில் வருவது ஜவ்வரிசியும் மூட்டைச் சாக்கும் மட்டுமே. ஈரம் ஏறிவிட்டது என்று டிரைவர் சொல்வதை விடுங்கள். இரண்டு டன் ஏறினால் அது கஞ்சி.

பெட்டிக் கதவில் 'டேர்' (காலிப் பெட்டியின் எடை) என்று எழுதியிருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 18,400-உடன் கூட்டிப் பாருங்கள். ஒத்துவந்தால், கட்-ஆஃபுக்கு (எடை விவரம் கொடுக்கும் கடைசி நேரத்துக்கு) முன் திருத்திய விஜிஎம்மை ஷிப்பிங் லைனுக்கு அனுப்புங்கள். 2016 ஜூலையிலிருந்து சரிபார்த்த எடை இல்லாமல் கப்பலில் ஏற்ற முடியாது.

கூட்டியும் சில நூறு கிலோ உதைத்தால் எண்ணை ஒப்பேற்றாதீர்கள். அப்போது சந்தேகப்பட வேண்டியது உங்கள் ஊர் எடைமேடையை.