ஹார்ட் டிஸ்க் போன ஐபாடை மீட்கலாம்

கேள்வி: என்னிடம் 30 ஜிபி ஐபாட் வீடியோ (5-ம் தலைமுறை) இருக்கிறது. ஆன் செய்தால் 'டிக் டிக்' சத்தம், பிறகு ஆச்சரியக்குறி போட்ட ஃபோல்டர் படம். அதற்கு முன்பே சார்ஜ் ஒரு மணி நேரம்தான் நின்றது. இதைச் சரிசெய்து ஃபிளாக் (தரம் குறையாத ஒலிக்கோப்பு வகை) பாடல்கள் கேட்க முடியுமா?

பதில்: முடியும், தாராளமாக. உங்கள் ஐபாடின் மென்பொருளும் பாடல்களும் ஒரே 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க் போனால் கருவியே செத்ததுபோல் தெரியும்; போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மெனு, நடு பட்டன் இரண்டையும் ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். சின்னம் வந்ததும் விட்டுவிட்டு, உடனே நடு பட்டனையும் பிளே பட்டனையும் அழுத்துங்கள். 'டிஸ்க் மோட்' திரை போர்டிலுள்ள சிப்பிலிருந்து வருகிறது. அது வந்தால் செலவு செய்யத் துணியலாம்.

வாங்க வேண்டியவை: 40 பின் ரிப்பன் (பட்டையான கேபிள்) பொருந்தும் எஸ்டி கார்டு அடாப்டர், 128 ஜிபி கார்டு, 30 ஜிபி மாடலுக்கான பேட்டரி. 60, 80 ஜிபி மாடல்களின் பேட்டரி தடிமன், பின்மூடியும் வேறு; ஆசைப்பட வேண்டாம். சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டாலே மின்செலவு வெகுவாகக் குறையும். கார்டைக் கணினியில் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சோதியுங்கள். போலி கார்டில் முதல் சில ஜிபி ஒழுங்காக ஓடும்; பிறகு ஏறும் பாட்டெல்லாம் பாழ்.

திறக்கும்போது ஹோல்ட் பட்டனைப் பூட்டிவிடுங்கள். மொபைல் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஓப்பனரால் பக்கவாட்டில் நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் போட்டால் இரும்பு மூடி வளைந்து பிறகு மூடவே மூடாது. பேட்டரி உப்பியிருந்தால் அதன்மேல் ஓப்பனர் படவே கூடாது. மூடி விலகியதும் வெடுக்கென்று இழுக்காதீர்கள், இரண்டு பாதிகளையும் ரிப்பன்கள் பிணைத்திருக்கின்றன. பேட்டரி ரிப்பனைப் பிடித்திருக்கும் பழுப்புநிறத் தாழ்ப்பாள் 2 மி.மீ. மட்டுமே மேலே வரும். முழுதாகக் கழற்றும் பொருள் என்று நினைத்து இழுப்பவர்கள் அதை உடைக்கிறார்கள். இந்த வேலையில் அதிகம் நடக்கும் சேதம் இதுதான். டிஸ்க்குக்கு அடியில் ஹெட்போன் ஜாக்கின் ரிப்பன் இருக்கும், அதற்கும் அதே நிதானம் வேண்டும்.

பழைய டிஸ்க்கின் ரிப்பனை அடாப்டரில் நேராகச் செருகித் தாழிடுங்கள். கோணலாக நின்றால் ஐபாட் கார்டைக் காணாது. மூடியை அழுத்தி மூடாமலே கணினியில் இணைத்து, ஐடியூன்ஸில் 'ரீஸ்டோர்' கொடுங்கள். விண்டோஸ் கணினியிலேயே செய்யுங்கள். அப்போதுதான் கார்டு ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமையும். மேக்கில் செய்தால் வேறு முறையில் அமையும், அதில் ராக்பாக்ஸ் (ஃபிளாக் கேட்க நாம் போடப்போகும் மாற்று மென்பொருள்) ஓடாது. ரீஸ்டோர் சரியாக முடிந்த பிறகு, காலி இடத்தில் மெல்லிய ஃபோம் துண்டு வைத்து மூடுங்கள்.

ஆப்பிளின் மென்பொருள் ஃபிளாக்கை ஓட்டாது. ராக்பாக்ஸ் ஓட்டும், ஓபஸ் என்ற இன்னொரு ஒலிக்கோப்பு வகையையும் சேர்த்து. 'ராக்பாக்ஸ் யூட்டிலிட்டி' என்ற இலவச நிரலில் உங்கள் மாடலைத் தேர்ந்து நிறுவினால் போதும். அதன் பிறகு பாடல்களைப் பென் டிரைவில் போடுவதுபோல ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போடலாம். கலைஞர், ஆல்பம் வாரியாகத் தேட, டேட்டாபேஸ் பகுதியில் 'இனிஷியலைஸ் நவ்' கொடுங்கள். பிளே பட்டனை நீளமாக அழுத்தினால் அணையும். ஆன் செய்தவுடன் ஹோல்டைப் பூட்டினால் ஆப்பிளின் பழைய மென்பொருளே வரும், எதுவும் பறிபோகவில்லை.

ஆல்பம் அட்டைப்படம் தெரியாவிட்டால், அது 'புரோகிரெசிவ்' வகை ஜேபெக்காக இருக்கலாம். சாதாரண 'பேஸ்லைன்' வகையாகச் சேமித்து மாற்றுங்கள். தமிழில் பாட்டுப் பெயர் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல். தமிழ் உள்ள எழுத்துருவைப் போட்டாலும் 'கெ', 'கொ' போன்றவற்றில் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பிறகே பதிவாகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டும் வேலையை ராக்பாக்ஸ் செய்வதில்லை. பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றிவிட்டு ஏற்றினால் தேடுவது சுலபம்.

கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். அதன் ரிப்பன் முனையில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.