தோலும் எண்ணெயும்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

தோல் பை தைக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான் இதைக் கேட்கத் துணிந்தேன். என் அப்பா ராணுவத்தில் ஓய்வு பெற்று, பிறகு பல வருடம் சென்னையில் பாதுகாப்பு வேலை பார்த்தவர். லைசென்ஸ் வாங்கி ஒரு ரிவால்வர் வைத்திருந்தார். போன வருடம் அவர் தவறிய பிறகு அதை முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். அதன் தோல் உறையும், தோட்டா வளையங்கள் வைத்த பெல்ட்டும், அவர் தினமும் போட்ட சாதாரண பெல்ட்டும் வீட்டில் இருக்கின்றன. மூன்றுமே தேன் நிறம்.

மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் உறையின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்துவிட்டேன். தோல் காய்ந்திருக்கிறதே என்று, சாதாரண பெல்ட்டின் நுனியில் ஒரு சாண் நீளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். அந்த இடம் மட்டும் கறுத்துவிட்டது. ஒரு மாதமாகியும் பழைய நிறம் வரவில்லை. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நிறம் மாறாமல் இவற்றை எப்படிக் காப்பாற்றுவது? தம்பி அந்த பெல்ட்டைப் போட ஆசைப்படுகிறான். அவனுக்கு இடுப்பு சின்னது, இரண்டு ஓட்டை கூடுதலாக வேண்டும். போடலாமா?

ஆர்., அயனாவரம்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் பெல்ட்டைக் கெடுத்துவிடவில்லை. அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் பட்ட தோல் கறுப்பதும் நனைந்த துணி கறுத்துத் தெரிவதும் ஒன்றுதான். தோலுக்குள் நார்கள் இருக்கின்றன, நார்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. வெளிச்சம் அங்கே சிதறித் திரும்புவதால்தான் தோல் வெளிறித் தெரிகிறது. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்தால் அந்தச் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகிவிடும். தண்ணீராக இருந்தால் ஆவியாகிப் பழைய நிறம் திரும்பும். தேங்காய் எண்ணெய் ஆவியாகாது. மெல்ல மெல்லப் பக்கத்து நார்களுக்குப் பரவும், அவ்வளவுதான்.

அதனால் அந்த ஒரு சாணை முழுதாகப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியாது. கொஞ்சம் குறைக்கலாம். பெல்ட்டைத் தட்டையாக வைத்து, உள்பக்கம் சாதாரண டால்கம் பவுடரைக் கனமாகத் தூவி, மேலே உறிஞ்சும் காகிதம் போட்டு, இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு தட்டிவிட்டு மறுபடி ஒருமுறை. மேலாக நிற்கும் எண்ணெய் வந்துவிடும். மீதி எண்ணெய் சில மாதங்களில் பரவி, இப்போது கோடு போட்டது போலத் தெரியும் எல்லை மங்கும். ஒரே நிறமாகட்டும் என்று மீதி பெல்ட்டுக்கும் எண்ணெய் தடவிவிடாதீர்கள். சமையல் சோடா, எலுமிச்சை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தோல் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ள பொருள். சோடா, துணி சோப்பு மாதிரிக் காரப் பொருள் பட்டால் இந்த வகைத் தோல் இன்னும் கறுக்கும்.

இந்த வகை என்று ஏன் சொல்கிறேன் என்றால், தேன் நிறத்தில் விறைப்பாக இருக்கும் உறையும் பெல்ட்டும் பெரும்பாலும் மரப்பட்டையும் காயும் போட்டுப் பதனிட்ட தோலாகத்தான் இருக்கும். பெரியமேட்டுக் கடைகளில் வெஜ் டேன் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உள்ளே வரை பழுப்பாக இருந்தால் அதுதான். நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம் உப்பில் பதனிட்டது, நம் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த தோல். அது எண்ணெய்க்கு இவ்வளவு சுலபமாக நிறம் மாறாது. நம் ஊர்ப்பக்கம் முன்பு ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள். ஆவாரம் பட்டைத் தோல் வெளிச்சத்தில் சிவந்துபோகும் என்பதால், கடைசியில் கடுக்காய் நீரில் போட்டு எடுத்து நிறத்தைக் காப்பாற்றினார்கள். தோலின் வெளிர் நிறத்துக்காக அந்தக் காலத்திலேயே அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது.

எந்த எண்ணெய் போட்டால் கறுக்காது என்று பலரும் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, இந்தப் பொருளுக்கு எண்ணெய் எதற்கு? தோலை உயிருள்ள சருமமாக நினைத்து, வறண்டால் தடவுகிறோம். பிரியத்தில் செய்வதுதான். என் சித்தப்பாவின் கேமரா உறைக்கு நானும் அப்படித்தான் செய்தேன். விளக்கெண்ணெய், மூன்று மாதத்தில் மூன்று முறை. சாக்லேட் நிறமாகி, பிசுபிசுவென்று தூசியை எல்லாம் இழுத்து, விறைப்பு போய்ச் சரிந்துவிட்டது. அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த நிறம் இன்று என் நினைவில்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் மூன்று பொருட்களில் இரண்டை இனி யாரும் அணியப் போவதில்லை. வளைந்து நிமிர்ந்து உழைக்காத தோலுக்கு எண்ணெய் தேவையே இல்லை. அருங்காட்சியகங்களில் ஒரு காலத்தில் பழைய தோலுக்கு எண்ணெய் பூசினார்கள். இப்போது பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்கள். துப்பாக்கி உறையைப் பொறுத்தவரை பயன்பாட்டில் இருந்தாலும்கூட எண்ணெய் கூடாது. உறை விறைப்பாக இருந்தால்தான் அது உறை. எண்ணெயில் ஊறித் தொளதொளத்தால், துப்பாக்கியைச் செருகும்போது மடிந்த தோல் விசைக்குள் மாட்டிக்கொள்ளும், அது ஆபத்து. உங்கள் வீட்டில் இப்போது அந்தக் கவலை இல்லை. ஆனால் உறை அந்த ரிவால்வரின் வடிவத்தை இன்னும் வைத்திருக்கும். அந்த வடிவத்துக்காகவே அதைத் தொடாமல் விடுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியைச் சுருட்டி உள்ளே வைத்தால் அமுங்காமல் இருக்கும்.

சரி, அந்த வெள்ளைப் பூப்புக்கு வருவோம். அது இரண்டு விதமாக வரும். பூஞ்சை ஒன்று. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு குளிரில் மேலே வந்து படிவது இன்னொன்று. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழியில் பாட்டிலில் பார்த்திருப்பீர்கள். தோலுக்குள் இருக்கும் கொழுப்புக்கும் அப்படி நேரலாம். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. அப்படியே இருந்து, மக்கிய வாடையும் அடித்தால் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் மூடிய இரும்பு பீரோவுக்குள் வந்ததென்றால் பெரும்பாலும் பூஞ்சைதான். மூக்கை மூடிக்கொண்டு மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகு ஃபேன் காற்றில் இரண்டு நாள், நிழலில் மட்டும். வெயிலே இந்தத் தோலைக் கறுக்க வைக்கும். பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணியில் சுற்றி, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சையைத் தடுக்காது.

தோட்டா வளையங்களுக்குள் பச்சையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பித்தளைத் தோட்டா வருடக்கணக்கில் தோலோடு ஒட்டியிருந்தால், தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து பச்சைப் பிசினாகும். பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தால் போதும். பக்கிளையும் பிரஸ் பட்டனையும் பளபளப்பாக்கப் பித்தளை பாலிஷ் போடுவதென்றால், அடியில் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். பல பாலிஷ்களில் அம்மோனியா உண்டு, அது பட்ட இடமும் கறுக்கும். புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

இனி தம்பி போடப்போகும் பெல்ட். அது தினமும் வளையும், வியர்வை படும், அதற்கு மட்டும் கொஞ்சம் பராமரிப்பு தேவை. வழிகிற எண்ணெய் எதுவும் வேண்டாம். மெழுகு அதிகமாக உள்ள, நிறமில்லாத நியூட்ரல் ஷூ பாலிஷ் போதும். மெழுகு பெரும்பாலும் மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. ஆன்லைனில் வாங்க முடியுமென்றால், பிக் 4 என்ற கண்டிஷனருக்கு நிறத்தை மாற்றாது என்று தோல் வேலை செய்பவர்களிடம் நல்ல பெயர் உண்டு. 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸும் நல்லது. எதுவானாலும் முதலில் பக்கிளுக்கு அடியில் மடிந்திருக்கும் பகுதியில் தடவி, இரண்டு நாள் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தடவிய உடனே எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும், அதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முழு பெல்ட்டுக்கும் ஒரு பட்டாணி அளவு. துணியில் எடுத்துத் துணியிலேயே தேய்த்துப் பரப்பிவிட்டு, பிறகு பெல்ட்டில் தேயுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

ஈரத் துணியால் துடைக்க நேர்ந்தால், அழுக்கு உள்ள இடத்தை மட்டும் துடைக்காமல் முழு நீளத்தையும் ஒரே சீராகத் துடையுங்கள், இல்லாவிட்டால் நீர்க்கோடு விழும். போர்வெல் தண்ணீரில் இரும்பு கலந்திருக்கலாம், அது வேண்டாம், குடிக்கிற தண்ணீரில் துணியை நனையுங்கள். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்கள் அல்லவா? அன்னபேதி இரும்பு உப்புதான். பட்டை, காய் போட்டுப் பதனிட்ட தோலில் இரும்பு கலந்த நீர் பட்டால் அதே மை தோலிலேயே உண்டாகும். எண்ணெய்க் கறுப்பு மங்கவாவது செய்யும், இந்த நீலக் கறுப்பு லேசில் போகாது.

ஓட்டை தாராளமாகப் போடலாம். அதற்கும் இதே காரணத்தால் ஆணியைச் சுட்டோ அடித்தோ போடாதீர்கள். ஆணி தோலை வெட்டாது, கிழிக்கும். அப்புறம் துருவும் வியர்வையும் சேர்ந்து ஓட்டையைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழும். பெரியமேட்டிலோ உங்கள் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடமோ வட்ட பஞ்ச் இருக்கும். ஏற்கெனவே உள்ள ஓட்டைகளின் இடைவெளியை அளந்து, அதே இடைவெளியில், அதே அளவு பஞ்சால் போடச் சொல்லுங்கள். நுனி நீளமாகத் தொங்கினாலும் வெட்ட வேண்டாம். அப்பா மாட்டிய ஓட்டை அந்தப் பக்கம்தான் இருக்கும்.