ஹாக்கி ஆடும் பிள்ளைக்கு மவுத் கார்டு அவசியமா?

அவசியம். மவுத் கார்டு என்பது பற்களைக் காக்க வாய்க்குள் மாட்டும் உறை. படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதலாண்டில், படிக்கும் உங்கள் மகன் பள்ளி அணியில் சேர்ந்திருப்பதாகவும், "விதியில் கட்டாயம் இல்லை" என்று பயிற்சியாளர் கூறிவிட்டதாகவும், நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று மகனே தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பயிற்சியாளர் கூறியது பொய்யில்லை. அனைத்துலக ஹாக்கி சம்மேளனத்தின் விதிப்படி கோல் காவலருக்குத்தான் தலைக்கவசம் கட்டாயம். மற்ற ஆட்டக்காரர்கள் முழங்காலுக்குக் கீழும் கணுக்காலுக்கும் வாய்க்கும் காப்பு அணிவது நல்லது என்று அவ்விதி பரிந்துரைப்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஷின் கார்டு என்ற அந்தக் கீழ்க்கால் காப்பு இல்லாமல் வரும் பையனைத் திடலில் இறங்க விடாத அதே பயிற்சியாளர், அதே வரியில் உள்ள வாயை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார் என்று அவரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கையில் எடுத்து அழுத்தினால் துளியும் அமுங்காது. தேர்ந்த ஆண் ஆட்டக்காரர் பெனால்டி கார்னரில் (எதிரணி தன் கோல் அருகே தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பில்) இழுத்து வீசும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். பள்ளிப் பிள்ளைகள் அவ்வளவு வேகத்தில் அடிப்பதில்லை என்பது சரிதான்; ஆனால் அவர்களுக்குப் பந்தைத் தாழ்வாக அடிக்கவும் இன்னும் சரியாக வராது, ஸ்டிக்கை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதும் தெரியாது.

இதை நான் ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் மேல்வரிசை முன்பற்களில் ஒன்று கட்டிய பல். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன் நான்; எங்கள் திடல் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் இடையில் இருந்தது, பாதி புல், பாதி செம்மண். போட்டி நாளில்கூட இல்லை, ஒரு சாயங்காலப் பயிற்சியில், எங்கள் அணிக்காரனே பந்தை ஓங்கி அடித்துவிட்டு மேலே தூக்கிய ஸ்டிக், பந்தைப் பறிக்கக் குனிந்த என் வாயில் விழுந்தது. முதலில் வலிக்கவில்லை, கீழுதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது, நாக்கு தானாகவே போய் முன்னால் இருந்த ஓட்டையைத் துழாவியது. பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுப் புல்லில் பல்லைத் தேடினார்கள். கோல் காவலன்தான் கண்டெடுத்தான். நல்ல எண்ணத்தில் அதைக் கோயில் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஜெர்சியால் துடைத்து, திருநீற்றை மடிப்பதுபோலக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தான். மறுநாள் காலையில் டவுனில் இருந்த பல் மருத்துவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "இதை யார் இப்படித் தேய்த்தது?" என்று மட்டும் கேட்டார்.

விழுந்த பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடியும் ஒட்டும். அதனால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் இருந்தால் லேசாக அலசிவிட்டு உடனே இருந்த இடத்திலேயே செருக வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள், அரை மணிக்குள் என்றால் இன்னும் நல்லது, பல் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இது பால்பல் விழுந்தபின் முளைத்த நிலையான பல்லுக்கு மட்டுமே பொருந்தும். பால்பல்லைத் திரும்பச் செருகக் கூடாது. உங்கள் மகனின் வயதில் முன்பற்கள் எல்லாம் நிலையானவை, போனால் வேறு முளைக்காது.

"1975இல் கோலாலம்பூரில் மலேசியா உலகக் கிண்ணத்தில் நான்காவதாக வந்ததே, அந்த வீரர்கள் மவுத் கார்டு போட்டார்களா?" என்று கேட்க இங்கே நிச்சயம் ஒருவர் வருவார். ஐயா, அது புல்திடல் காலம். ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தளத்துக்கு மாறியதே 1976இல் மொன்றியலில்தான். அந்தத் தளத்தில் பந்து ஓடும் வேகம் வேறு. ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண அனைத்துலக ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்கப் போனால், பெனால்டி கார்னரைத் தடுக்க நிற்பவர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடி வருவதை நீங்களே காணலாம். அவர்களை யாரும் கோழை என்று சொல்வதில்லை. மவுத் கார்டு விற்கும் கடை எதுவும் எனக்கு இல்லை என்பதையும், அதைப் போட்டால் தலையில் அடிபட்டு மயக்கம் வராது என்று நான் வாதிடவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது அடியின் விசையைப் பல பற்களுக்கும் பரப்புகிறது, பல் உதட்டைக் கிழிக்காமல் தடுக்கிறது. எனக்கு அவ்வளவே போதும்.

ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் அணிக்கு மவுத் கார்டு வாங்கலாம் என்று சொன்னபோது, "அது அவரவர் வீட்டுப் பொறுப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதே கூட்டத்தில்தான் நன்கொடையாளர் பெயரை முன்னும் பின்னும் அச்சிட்ட புது ஜெர்சிக்கும், அவர் படம் போட்ட பேனருக்கும் மறுபேச்சில்லாமல் பணம் ஒதுக்கப்பட்டது. பல் போன பையனை அந்த ஜெர்சியோடு நிறுத்திப் படம் எடுத்தால் வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்வார்கள் போலும்.

வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவதுதான் சிறந்தது, ஆனால் விலை கூட. வளரும் பிள்ளைக்கு, வெந்நீரில் மென்மையாக்கிக் கடித்துப் பதிக்கும் வகையே போதும். விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். அட்டையில் சொன்ன நேரம்வரை மட்டும் வெந்நீரில் வைத்து, மேற்பற்களில் பொருத்தி, விரலால் வெளியிலிருந்தும் நாக்கால் உள்ளிருந்தும் நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். வாய் திறந்ததும் கழன்று விழுந்தால் அது சரியாகப் பதியவில்லை. பற்கள் இன்னும் முளைத்து இடம் மாறும் வயது என்பதால் இறுக்கமாகிவிட்டதா என்று அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தால் கட்டிய மருத்துவரிடமே கேளுங்கள். முதல் சில நாள்கள் குமட்டும், பேச்சு குழறும். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது போட்டுப் பழகினால் சரியாகிவிடும். பயிற்சிக்கும் போட்டே ஆக வேண்டும். கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் கழுவி, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள்; வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் வளைந்து போகும், பிறகு புதிதாகத்தான் வாங்க வேண்டும்.